மழைமேல் கட்டிய பந்தயம்

என் தம்பியின் வலது முழங்கையை உடைத்தவர்கள் யாரும் அந்நியர்கள் இல்லை. ஒருத்தன் என் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். இன்னொருத்தனை, கடல் வந்த அன்றைக்குத் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டதே என் தம்பிதான். மூன்றாவது ஆள் எங்கள் கங்காணி, உப்பளத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர். நிலத்துக்காக அடிக்கவில்லை. பெண் விவகாரமும் இல்லை. கொட்டகைக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதா இல்லையா, அதற்காக அடித்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். அடிபட்டது வேறு எவனாவதாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்தது அல்லவா, அதில் மரக்காணம் உப்பளத்தில் எங்கள் பக்கத்துப் பாத்திகளெல்லாம் சேறடைத்துப் போயின. பொங்கல் முடிந்ததும் தொடங்க வேண்டிய வேலை பங்குனி வந்தும் தொடங்கவில்லை. சேறு வார எங்களைப் போன்ற பெண்களைக் கூப்பிட்டார்கள், கூலி குறைவு என்பதால். ஆண்கள் கொட்டகையில் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். ரம்மி, மங்காத்தா என்று எல்லாம் ஆடி, வைப்பதற்குக் காசில்லாமல் பீடிக்கட்டை வைத்து, அதுவும் தீர்ந்து ஒருத்தன் போட்டிருந்த சட்டையைக் கழற்றி வைத்தான். சும்மா கிடக்கிற ஆம்பளைக்கு நாய் எவ்வளவோ தேவலாம், அது தெருவையாவது காக்கும். இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். பல்லைக் காட்டினார்கள்.

பஜாரில் அடகுக்கடையில் வேலை பார்த்த வடக்கத்திப் பையன் ஒருத்தன் உண்டு. நல்ல பையன், யார் வம்புக்கும் போகமாட்டான். கடை மூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் பார்க்க வருவான். அவன்தான் ஒரு நாள் கொட்டகையில் உட்கார்ந்து ஓட்டைத் தமிழில் சொன்னான்:

"எங்க ஊர்ல சீட்டு வேணாம். மழை மேலயே பந்தயம். மேகம் பாப்பாங்க, காத்து பாப்பாங்க, கட்டுவாங்க. மாடியில இருந்து குழாய் வழியா தண்ணி ஓடணும். ஓடுனா மழை. சும்மா சொட்டுனா மழை இல்ல."

அவன் ஊர் பாலைவனம். மழை வந்தால் கும்பிடுகிற ஊர். அங்கே அது ஆசையில் பிறந்த விளையாட்டு. எங்கள் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உப்பளத்தில் வைத்தார்கள், அறிவு கெட்டவர்கள். உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்று பழமொழி சொல்லியே வளர்ந்த ஜனம் மழையை வைத்தா சூதாடுவது!

அன்றைக்கே சட்டம் போட்டார்கள். காலையில் வேலைக்கு இறங்கும்போது பந்தயம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கிற வரைக்கும் கணக்கு. கொட்டகையின் சிமெண்ட் ஷீட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் தாரையாக ஒழுகினால் மழை. சொட்டினால் செல்லாது. பணயம் பணமில்லை, அது எவனிடம் இருந்தது? பணயம் ஒரு நாள். தோற்றவன் ஒரு நாள் வேலை செய்வான், கூலி ஜெயித்தவனுக்கு. இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு சாட்சி வேண்டும். கூரையைப் பார்த்து, ஒழுகியது, ஒழுகவில்லை என்று சாட்சி சொல்ல வேண்டும். தன் சாட்சியே தனக்கு எதிராகச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது, தோற்றதுதான்.

எல்லாம் சரி. ஆனால் "மழை வரும்" என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. உப்பளத்தில் நின்றுகொண்டு அந்த வார்த்தையை வாயால் சொல்லக்கூடாது எங்களுக்கு. வானம் கறுத்துக்கொண்டு வந்தால்கூட "அது வர்றா மாதிரி இருக்குது" என்போமே தவிர பெயர் சொல்லமாட்டோம். பாத்திக்கு அது காது கேட்கும் என்பார்கள். அதனால் அத்தனை பேரும் "வராது" பக்கம். எதிர்ப்பக்கம் காலி. ஒரு கையால் தட்டினால் சத்தம் வருமா?

என் தம்பி எழுந்து, "நான் சொல்றேன்டா. மழை வரும். இன்னா இப்போ?" என்றான்.

அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு என்னோடுதான் இருந்தான். சின்ன வயதிலிருந்து குதர்க்கம் பிடித்தவன், எல்லாரும் கிழக்கே போனால் இவன் மேற்கே போவான். அதோடு அவனுக்கு உப்பின் மேலேயே வன்மம். பாதமெல்லாம் வெடித்துப் புண். "இந்த உப்பு என் காலைத் தின்னுதுக்கா. கரைஞ்சு போவட்டும்" என்பான். சாட்சி யார் என்று கேட்டார்கள். மழைக்காரனுக்கு எவன் சாட்சி நிற்பான்? "எங்க அக்காதான். அவ அடுப்பாண்ட உக்காந்தாலே கொட்டகை தெரியும்" என்று என்னை இழுத்து விட்டான். அந்தக் கர்மத்தில் நான் சிக்கியது அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் ஆரோவில் பக்கம் கட்டட வேலைக்கு முதல் பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு வருவார். அவரிடம் சொன்னேன். வெள்ளைக்காரன் ஊரில் சூதாட்டத்துக்கென்றே அரண்மனை மாதிரி கட்டி, லைசென்ஸ் வாங்கி நடத்துகிறானாம், உள்ளே கடிகாரமே மாட்டமாட்டானாம், இவர் வேலை செய்த வீட்டுக்கார அம்மா சொன்னது. "இவனுங்க கொட்டகையில ஆடுறதுதானா உனக்குக் கண்ணை உறுத்துது?" என்றார். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை பாடுகள் வாசிக்கும்போது, ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டிருக்க, கீழே சிப்பாய்கள் அவர் அங்கிக்குச் சீட்டுப் போடுகிற இடம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவுக்கு அந்தாண்ட திரௌபதி அம்மன் கோயில். அங்கே வருஷா வருஷம் பாரதம் படிக்கிறார்கள், அதிலும் ஒருத்தன் பொண்டாட்டியை வைத்து ஆடுகிறான். எந்தச் சீமையானாலும் எந்தச் சாமியானாலும் ஆம்பளை இதை விடவில்லை. வேலைக்குப் போகாமல் ஜெயிக்கலாம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அதற்கு மதமும் கிடையாது, மொழியும் கிடையாது.

சித்திரை பிறந்ததும் ஒருவழியாக வேலை தொடங்கியது. வைகாசி, ஆனி, ஆடி. பாத்தியில் உப்புப் பூத்தது. வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. தினம் ஒருத்தனாக முறை வைத்துத் தம்பியோடு பந்தயம் கட்டினார்கள், தினமும் தம்பி தோற்றான். தோற்ற நாளுக்கெல்லாம் உழைத்தான். நீளக் கட்டை மாட்டிய வாருபலகையால் அடுத்தவனுக்காக உப்பு வாரி வாரி அவன் உள்ளங்கை தோல் உரிந்தது. ஜெயித்தவர்கள் நிழலில் உட்கார்ந்து, "இன்னா மழைக்காரரே, குடை கொண்டாந்தியா?" என்று கிண்டல் அடித்தார்கள். இவனும் சிரித்தான். விடுடா என்றால் கேட்டால்தானே. விட்டதைப் பிடிக்கிறேன் என்பான். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் நாசமாகப் போக.

ஆவணியில் காற்று திரும்பியது. சாயங்காலம் சாயங்காலம் இடி இடித்து ஒரு பாட்டம் ஊற்றியது. தம்பி ஜெயிக்கத் தொடங்கினான். கடன்பட்ட நாளெல்லாம் கழிந்து அவன் பக்கம் ஏறத் தொடங்கியது. புரட்டாசியில் இன்னும். அப்போதாவது அவர்கள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒருத்தனாகக் கட்டியவர்கள் மூன்று பேராக, ஐந்து பேராகச் சேர்ந்து கட்டினார்கள். ஐப்பசி அடைமழையில், எதிரே நிற்கிற ஆள் தெரியாமல் கொட்டுகிற காலத்தில், காலையில் எழுந்து வந்து வானத்தைப் பார்த்து, "வராது, ஒரு நாள்" என்று கட்டினார்கள். பைத்தியமா என்று கேட்காதீர்கள். அந்த வார்த்தை அவர்கள் வாயில் வராது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடிய உப்பு கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தனும் "வரும்" என்று சொல்லத் துணியவில்லை.

இப்படியே போய், அடுத்த சீசன் பிறந்தால் கொட்டகை ஆட்கள் அத்தனை பேர் உழைப்பும் மாசக்கணக்கில் என் தம்பிக்கு என்று ஆயிற்று. அவன் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், ஊரே அவனுக்கு உப்பு வாரும். அப்போதுதான் ஜனத்துக்குச் சுருக்கென்றது. மழையை இவன்தான் வாய்வைத்துக் கூப்பிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவனைப் பாத்தி வரப்பில் கால் வைக்க விடவில்லை. ஒருத்தன் கல்லெறிந்தான், புருவம் கிழிந்தது. சொட்டியதா ஒழுகியதா என்ற தகராறில் இவன் திருப்பி ஒருத்தன் பல்லைப் பெயர்த்தான். குழாயடியில் ஒருத்தி, "உன் தம்பி எங்க புள்ளைங்க சோத்தைப் புடுங்குறான், நீ அதுக்குச் சாட்சி" என்று என் முந்தானையைப் பிடித்தாள். நான் சும்மா விடுவேனா? குடத்தாலேயே அவள் தோளில் போட்டேன். அவள் என் முடியைப் பிடித்துச் சுற்ற, நான் அவள் கையைக் கடிக்க, ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். வாயில் அவள் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து சோறாக்கினேன்.

"இந்த நாளெல்லாம் வேணாம்னு சொல்லிடுடா. உசுரோட இருந்தா போதும்" என்றேன் தம்பியிடம்.

"நான் தோத்தப்போ எவனாவது வேணாம்னு சொன்னானாக்கா? கை உரிஞ்சி வாருனேனே, எவனாவது போதும்டான்னானா?"

நியாயம் அவன் பக்கம்தான். ஆனால் நியாயம் வந்து அடியைத் தடுக்குமா?

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். டீக்கடையில் அவனைப் பிடித்து மண்ணில் குப்புறத் தள்ளி, ஒருத்தன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான். கங்காணி குனிந்து பேசினார்.

"கடைசியா ஒரே பந்தயம். மொத்த நாளும் ஒரே கையில. நாளைக்கு நீ வராதுன்னு சொல்லு. நாங்க வரும்னு சொல்றோம்."

கரைவதற்குக் களத்தில் உப்பு மிச்சமில்லை, அதனால் அந்த வார்த்தைக்கு இனி பயமும் இல்லை. ஒரு வாரமாக விடாத மழை. மறுநாளும் பெய்யும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் தோற்பான், எல்லாம் பைசலாகும், யாருக்கும் அவமானமில்லை. என் காதுக்கு வந்தபோது நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன், நாளைக்குக் கொட்டித் தீர்க்கட்டும் தாயே என்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்று நம்பினேன். அவன் மண்ணைத் துப்பிவிட்டு, "சரி. வராது" என்றானாம், சிரித்துக்கொண்டே.

விடிந்தது. மேகம் தலையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. கடல் காற்று ஈரமாக அடித்தது. ஆனால் பெய்யவில்லை. பத்து மணிக்குப் பெய்யவில்லை. மதியம் இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. ஊரே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. மூன்று மாதம் மழையைத் திட்டிய வாயெல்லாம் "பெய்யேன், பெய்யேன்" என்றது. நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. மூன்று மணி, நான்கு மணி. கொட்டகைக் கூரை காய்ந்து கிடந்தது. தம்பி அதன் கீழே தனியாகக் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா நிற்பதற்குத் தண்ணீராவது எடுத்து வரலாம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்கு மெயின் ரோட்டுக் குழாய்க்குப் போக வேண்டும். நிறைகுடத்தோடு திரும்பி வரும்போது கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டது. ஓடினேன்.

இரண்டு பேர் வாய்க்காலிலிருந்து பக்கெட் பக்கெட்டாக மொண்டு கூரைமேல் வீசிக்கொண்டிருந்தார்கள். விளிம்பிலிருந்து தாரையாக ஒழுகியது. "பாருடா, ஒழுகுது! மழைதான், சொல்லு!" என்று கங்காணி கத்தினார். தம்பி எழுந்து, ஒழுகுகிற தண்ணீரைக் கையில் ஏந்தி நக்கினான். நக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"உப்புக் கரிக்குதுடா! மழைத் தண்ணி கரிக்குமா? முட்டாப் பசங்களா, ஊத்துறதுதான் ஊத்துனீங்க, நல்ல தண்ணியா ஊத்தக் கூடாதா?"

உப்பளத்து ஆளுக்குக் கைக்கு எட்டுகிற தண்ணீர் அதுதான். யோசிக்காமல் மொண்டு விட்டார்கள். தங்கள் முட்டாள்தனத்தை ஒருத்தன் சிரித்துக் காட்டியதும் அவர்களுக்கு வெறி ஏறியது. முதல் அடி முதுகில் விழுந்தது, வாருபலகைக் கட்டையால். அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் அவன் கையை ஒரு கட்டைமேல் நீட்டிப் பிடித்துக்கொள்ள, கடலிலிருந்து காப்பாற்றப்பட்டவன் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி கேட்டது. "சொல்லு, மழை பெய்யுதுன்னு சொல்லு!" ஒவ்வொரு அடிக்கும் கேட்டார்கள். இவன் வாயில் ரத்தத்தோடு, "பெய்யல" என்றான். மறுபடியும் அடி. "பெய்யலடா." காதில் விழுந்தது ஒரு அடி. அவன் பேசுவது குழறியது, அப்போதும் "பெய்யல."

ஐயோ, ஒரு வார்த்தை! சொல்லித் தொலையேன்டா என்று கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை. அடுத்த கட்டை தலைக்கு ஓங்கியதைப் பார்த்தேன். கங்காணி தடுக்கவில்லை. அந்த அடி விழுந்திருந்தால் என் தம்பி இல்லை.

இடுப்பிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, கூரைமேல் வீசி ஊற்றினேன். ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஷீட்டில் ஓடி, விளிம்பில் தாரையாக ஒழுகி, கீழே கிடந்தவன் முகத்தில் விழுந்தது.

"ஒழுகுது! நல்ல தண்ணி, நக்கிப் பாருங்கடா! மழைதான். நான் அவன் சாட்சி, நான் சொல்றேன். என் தம்பி தோத்துட்டான். விடுங்கடா அவனை!"

ஓங்கிய கட்டை அப்படியே நின்றது. எல்லாரும் என் கையிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவன் சாட்சியே சொல்லிவிட்டாள், அவர்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். கங்காணி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா. மழைதான்" என்றார். கட்டைகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. நான் இன்றுவரை அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், அது பாவமில்லை.

தம்பி தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தான். அடித்தவர்களை அப்படிப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் ஆறு மணி அடித்தது. ஊர் எல்லை தாண்டியதும் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. வண்டிக்குள் சாரல் அடித்தது. "மணி அடிச்சப்புறம்தான்... பெய்யுது" என்றான் குழறிக்கொண்டே. "நான் ஜெயிச்சேன். நீ என்னைத் தோக்கடிச்சிட்ட." வாயை மூடிக்கொண்டு வா என்று திட்டினேன். அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வரவில்லை. கை வளைந்தபடியே கூடிக்கொண்டது, வலது காது போய்விட்டது. ஊரில் அடுத்த தை மாதம் அவரவர் கூலி அவரவர்க்கு என்று வேலை தொடங்கினார்கள். யாரும் அவன் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் நான் என்ன செய்வேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

2006 வெயில் காலத்தில், புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டு, மீன்குழம்பும் சோறும் தூக்கில் எடுத்துக்கொண்டு போனேன். இடது கையால் டோக்கனைக் கிழித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான், ஆனால் தாடி மழித்து, சுத்தமான சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஸ்டாண்டு முதலாளி என் தூக்கைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, உங்க அக்காவா? வெயில்ல நிக்குது பாரு" என்று குரல் கொடுத்தார்.

"எனக்கு அக்கா இல்ல சார்" என்றான் உள்ளேயிருந்து, எனக்குக் கேட்கிற மாதிரி.

தூக்கை அந்த முதலாளி கையில் கொடுத்தேன். "இல்லன்னு சொல்றதுக்கு உசுரு இருக்குதுல்ல சார், சொல்லிட்டுப் போவட்டும். சூடு ஆறுறதுக்குள்ள துன்னச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஏறினேன். மரக்காணம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.